பொட்டலம் மடித்த கைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம்

ஆடிப்பெருக்கு முடிந்தால் சிவகாசியிலிருந்து காலண்டர் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் நமது லீ பஜாருக்குள் நுழைந்துவிடுவார்கள் என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. இந்த ஆண்டு முருகன் படமா, லட்சுமி படமா, ஆயிரம் போடுவதா, இரண்டாயிரம் போடுவதா என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் போன ஆண்டு போட்டதையே போடுவோம். அதே சிவகாசியில் அச்சாகும் வேறொரு சரக்கைப் பற்றி இந்த இதழில் எழுத விரும்புகிறோம். அதுதான் காமிக்ஸ் எனப்படும் படக்கதைப் புத்தகம்.

சிரிக்க வேண்டாம். அறுபதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, வெல்லமும் பருப்பும் ஜவ்வரிசியும் மொத்த வியாபாரம் செய்கிற நாம் இன்றும் காமிக்ஸ் படிக்கிறோம். படிப்பதோடு நில்லாமல் சேர்க்கவும் செய்கிறோம். மண்டிக்குப் பின்னால் உள்ள அறையில், சாக்கு வைக்க வேண்டிய இடத்தில், இரண்டு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது. வீட்டில் இதற்கு என்ன பெயர் என்பதை இங்கே எழுத இயலாது.

முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கிய 1972-ஆம் ஆண்டில் நமக்குப் பதினோரு வயது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனாரின் சில்லறைக் கடையில் பொட்டலம் மடிப்பது நமது வேலை. பழைய பேப்பர் எடைக்கு வரும். தினத்தாள் என்றால் அரைக் கிலோ பருப்புக்கு, நோட்டுப் புத்தகம் என்றால் கால் கிலோவுக்கு. காமிக்ஸ் தாள் சிறியது. ஐம்பது கிராம் சீரகம், கடுகு, மிளகு ஆகியவற்றுக்குத்தான் அளவாக இருக்கும். இப்படி எடைக்கு வந்த கட்டில்தான் மாயாவியை முதன்முதலில் சந்தித்தோம். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், அவனுடைய இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கல்லாவுக்கு அடியில் குந்தி ஒரு கதையைப் பாதி படித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் வந்துவிட்டது. தகப்பனார் கையை நீட்டினார், நாமும் தாளைக் கிழித்துக் கொடுத்தோம். கதையின் முடிவு யார் வீட்டுச் சீரகத்தோடு போயிற்றோ தெரியாது.

அந்த முடிவு எப்படி இருந்திருக்கும் என்று பல ஆண்டுகள் நாமே பலவிதமாகச் சொல்லிக்கொண்டோம். பிற்காலத்தில் மறுபதிப்பு வந்தபோது வாங்கிப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் நாம் கட்டிய முடிவுதான் நன்றாக இருந்தது. ஆனால் ஓவியம்! ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு இருட்டு, புகை, பயம் எல்லாவற்றையும் கொண்டுவந்திருப்பதைப் பதினோரு வயதில் நாம் கவனிக்கவே இல்லை.

வெல்லத்தின் நிறமும் ருசியும்

கதை முக்கியமா, சித்திரம் முக்கியமா என்பது இந்தப் புத்தகம் சேர்ப்பவர்களிடையே ஓயாத வழக்கு. நமது தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற சிப்பத்துக்கு விலை கூடப் போகும். ஹைட்ராஸ் போட்டதா, அஸ்கா கலந்ததா என்று கேட்பவர் குறைவு. கருத்த நாட்டு வெல்லம் ருசியில் உயர்ந்தது என்றாலும் ஓரமாகக் கிடக்கும். இப்போது காலம் மாறி, நிறம் மங்கின வெல்லத்தைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். காமிக்ஸிலும் இதேதான்.

கருத்த வெல்லத்துக்கு எடுத்துக்காட்டு டெக்ஸ் வில்லர். 1948-இல் இத்தாலியில் கியான் லூய்ஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கல்லெப்பினி வரைந்து பிறந்த குதிரைவீரன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். தமிழில் லயன் காமிக்ஸ் இவரை 1985-இலேயே கொண்டுவந்தது. கெட்டவனை உதைப்பார், நல்லவனைக் காப்பாற்றுவார், வழியில் வறுத்த கறி சாப்பிடுவார். இருந்தும் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது. நிறம் இல்லையே என்று நாம் ஒருநாளும் வருந்தியதில்லை.

கேப்டன் டைகர் வேறு ஜாதி. பிரெஞ்சு மொழியில் 1963 முதல் புளூபெர்ரி என்ற பெயரில் வந்தவர். எழுதியவர் சார்லியே, வரைந்தவர் ஜான் ஜிரோ. அந்தப் பாலைவனத்தையும் தூசியையும் குதிரையின் வியர்வையையும் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தில் பத்து நிமிடம் நிற்கலாம். இவர் கதையின் பல பாகங்களைச் சேர்த்து 2015-இல் 'மின்னும் மரணம்' என்று கெட்டி அட்டையில் ஒரே தொகுப்பாகத் தமிழில் கொண்டுவந்தார்கள். அதை மடியில் வைத்துப் படித்தால் ஐந்து படி அரிசியைத் தூக்கி வைத்தது போலிருக்கும். கதையில் ஆட்களும் துரோகங்களும் கொஞ்சம் அதிகம், பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தோம்.

ஒரே சரக்கை இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்க்க நமக்கு வாய்த்தது 'இரத்தப் படலம்'. பெல்ஜியத்துக்காரர்களான வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-இல் தொடங்கிய கதை. நினைவிழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான்; தோளில் ரோமன் எழுத்தில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது; தான் யார் என்று தேடிப் புறப்படுகிறான். 2010-இல் லயன் காமிக்ஸ் பதினெட்டுப் பாகங்களை ஒரே குண்டுப் புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், 200 ரூபாய்க்கு வெளியிட்டது. எண்ணூறு பக்கங்களுக்கு மேல். அப்போது அதை நான்கு இரவில் படித்து முடித்தோம். 2018-இல் அதே கதை முழு வண்ணத்தில், நல்ல தாளில், கெட்டி அட்டையில் வந்தது. விலை பல மடங்கு. அதையும் வாங்கினோம். ஆனால் அதைப் படிக்கவில்லை, பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பத்துப் பக்கம் பார்ப்பது. அவசரம் எல்லாம் பழைய குண்டுப் புத்தகத்தோடு தீர்ந்துவிட்டது. ஆகவே, இளைஞர்கள் யாராவது கேட்டால், முதலில் மலிவுப் பதிப்பைப் படி, மறுபடி படிக்கத் தோன்றினால் கெட்டி அட்டையை வாங்கு என்றே சொல்கிறோம். நிறத்தைப் பார்த்து முன்பணம் கட்டி, முதல் முப்பது பக்கத்தோடு மூடி வைத்த புத்தகங்களும் நம்மிடம் ஏழெட்டு உண்டு. தலைப்பைச் சொல்ல மாட்டோம்.

வியாபாரக் கண்ணோடு

பத்து ரூபாய்க்கு விற்ற புத்தகம் 2012-இல் ஆர்ட் தாளும் வண்ணமுமாக நூறு ரூபாய் ஆயிற்று. 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டு மலர் நானூறு ரூபாய். இவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்கள் என்று நாமே நினைத்தோம். அவர்கள் கண்டுபிடித்த வழி வேறு. ஆண்டுச் சந்தாவை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறார்கள். பெரிய புத்தகங்களுக்கு முன்பதிவை எண்ணிப் பார்த்து அச்சடிக்கிறார்கள். கடனும் இல்லை, தேங்கிய சரக்கும் இல்லை. முப்பது நாள் தவணைக்குத் துவரை கொடுத்துவிட்டு அறுபதாம் நாள் செருப்புத் தேய நடக்கிற நாம் இதைக் கண்டு பெருமூச்சு விடுவதைத் தவிர வேறென்ன செய்ய? அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

கெட்டி அட்டை வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஏமாறாமல், முதுகைப் பார்க்க வேண்டும். தாள்களைக் கட்டுக் கட்டாக மடித்து நூல் போட்டுத் தைத்திருந்தால் நிற்கும். வெறும் பசையில் ஒட்டியதை நம் சேலம் வெயிலில் நாலு சித்திரை வைத்தால் நடுவில் பிளந்துகொள்ளும். கனமான புத்தகத்தைச் சாய்த்து வைக்கக் கூடாது. பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், நம் கடையிலேயே இருக்கிற வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

இரண்டு டிரங்குப் பெட்டி

இப்போது சொல்லப்போவது நமக்குப் பெருமை சேர்ப்பதல்ல. இருந்தாலும் வணிகர் இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் முப்பது ஆண்டுகள் நம்மிடம் சரக்கெடுத்தவர். அவரும் நம்மைப் போலவே காமிக்ஸ் பைத்தியம். பாக்கி கொடுக்க வந்தால் பேச்சு ஐந்து நிமிடம் துவரையிலும் ஒரு மணி நேரம் மாயாவியிலும் போகும். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் போய்விட்டார். பேரேட்டில் அவர் பெயரில் 41,300 ரூபாய் நின்றது. நாம் கேட்கவில்லை. மறு ஆண்டு தை மாதம் அவருடைய மகன் டெம்போவில் இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"ஐயா, அப்பா வெச்சிருந்த புஸ்தகமுங்க. பேப்பர்க்காரர் கிலோ பன்னெண்டு ரூபாய்க்குக் கேக்கறாருங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு அம்மா சொன்னாங்க. பாக்கில ஏதாச்சும் கழிச்சுக்குங்க" என்றார்.

திறந்து பார்த்தோம். 112 புத்தகங்கள். எழுபதுகளின் முத்து காமிக்ஸ் வரிசையாக, முதல் இதழ் உட்பட. பழைய முத்து இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தம்பிக்குத் தெரியாது. நாம் என்ன செய்தோம்? பெரிய மனிதரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போப்பா, அப்பாவும் நாங்களும் அவ்வளவு பழக்கம். கணக்கு முழுக்க நேர்" என்றோம். அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு முதல் இதழை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஐம்பது ஆண்டுகளாகத் தேடியது. இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

மறுநாள் காலை நமது கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க முதலாளி, ராசிபுரத்துப் பாக்கிய எழுதி முடிக்கச் சொன்னீங்களே, எதுல வெக்கறதுங்க? தள்ளுபடியா, கொள்முதலா?"

அவர் கேட்டது கணக்குக்காகத்தான். தள்ளுபடி என்று எழுதினால் பெட்டி அந்தப் பிள்ளையுடையது. கொள்முதல் என்று எழுதினால் என்ன விலைக்கு என்று எழுத வேண்டும். தள்ளுபடி என்று பெயரைச் சொல்லி ஊரில் நல்ல பேர் வாங்கிக்கொண்டு கொள்முதல் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நமக்கே உறைத்தது. "அப்புறம் சொல்றேன்" என்றோம். மூன்று நாள் அந்த வரி பென்சிலிலேயே இருந்தது. நான்காம் நாள் தம்பியை வரவழைத்து, பெட்டிகளை முன்னால் வைத்து, எது என்ன விலை போகும் என்று நமக்குத் தெரிந்தவரை சொன்னோம். முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னோம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா பேப்பர்க்காரருக்குப் போடலியேன்னு எனக்கு அப்பப்பக் கோவம் வருமுங்க" என்றார்.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் நமக்குப் பழக்கமான சேகரிப்பாளர் ஒருவர் வந்து, 46 புத்தகங்களை எடுத்துக்கொண்டு ரொக்கம் கொடுத்தார். பாக்கி போக மிச்சமும் அந்தப் பிள்ளைக்கு நின்றது. கடைக்குப் புதுத் தராசும் குளிர்பானப் பெட்டியும் வாங்கியதாகக் கேள்வி. நாம் ஐந்து புத்தகங்களைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டோம். அதைக் கொள்முதல் என்றே மையில் எழுதச் சொன்னோம். முதல் இதழை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சேகரிப்பாளர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதும் உண்மை. அட்டையில் கடை முத்திரை குத்தியிருக்கிறது. ஓரங்களில் அவர் அப்பா பென்சிலால் சீரகம் 5, கடுகு 3, பட்டாணி ஒரு மூட்டை என்று நமது மண்டிக்கு எழுதிய சிட்டை.

பெட்டியில் மீதி இருப்பவற்றைத் தம்பி இப்போது கடையில் வைத்துப் படிக்கிறார். வெள்ளிக்கிழமை லோடு ஏற்ற வரும்போது ஒன்றைக் கையில் கொண்டுவருவார். போன வாரம் தொண்ணூறுகளில் வந்த கேப்டன் டைகர் இதழ் ஒன்று.

"கதை ஒண்ணும் புரியலீங்க ஐயா. ஆனா குதிரைய எப்படி வரைஞ்சிருக்கான் பாருங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். முதல் இரண்டும் நமது பீரோவில் இருக்கின்றன; அடுத்த வெள்ளிக்கிழமை துவரை மூட்டையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.