உறுமல் பிறப்பது சைலன்சரில் அல்ல! ரேஸ் கார் சத்தத்தின் சூட்சுமம் 'கேம்ஷாப்ட்'

கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ரேஸ் நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். அந்த சத்தத்தில் மயங்கி, "நம்ம காரும் இப்படி உறுமணும்" என்று சைலன்சரை கழற்றி மாற்றும் வாலிபர்கள் ஏராளம். காசு போகிறது, போலீசில் மாட்டுகிறார்கள். ஆனால் கேட்ட சத்தம் மட்டும் வருவதில்லை.

ஏன் தெரியுமா? சைலன்சர் சத்தத்தை அடக்கும், அல்லது அடக்காமல் வெளியே விடும். அவ்வளவுதான் அதன் வேலை. சத்தம் எந்த தாளத்தில் வரவேண்டும் என்பதில் பெரும் பங்கு என்ஜினுக்குள் சுழலும் ஓர் இரும்பு தண்டுக்குத்தான். அதன் பெயர் கேம்ஷாப்ட். பட்டறை பாஷையில் சுருக்கமாக 'கேம்'.

குக்கர் வெயிட் மாதிரி

இந்த தண்டின் மேல் முட்டை வடிவில் மேடுகள் வரிசையாக இருக்கும். தண்டு சுற்றும்போது முட்டையின் கூர்ப்பக்கம் வால்வை தள்ளி திறக்கும். மேடு தாண்டியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இன்லெட் வால்வு திறந்தால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். எக்சாஸ்ட் வால்வு திறந்தால் எரிந்த புகை வெளியே வரும். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்றும். வண்டி 800 ஆர்.பி.எம்.மில் சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 தடவை திறந்து மூடுகிறது.

பிஸ்டன் முழுசாக கீழே இறங்குவதற்கு முன்பே எக்சாஸ்ட் வால்வு திறந்துவிடும். உள்ளே பிரஷர் அப்போதும் மிச்சம் இருக்கும். அது ஒரே மூச்சில் வெளியே பாயும்போது கேட்பதுதான் 'பட்' என்ற அடி. குக்கரில் பிரஷர் அடங்கும் முன்பே வெயிட்டை தூக்கினால் 'புஸ்' என்று சீறுமே, அதே கதைதான். கொஞ்சம் பொறுத்து தூக்கினால் சீற்றம் குறைவு. கேமின் மேட்டை கொஞ்சம் அகலமாக வடித்து வால்வை முன்கூட்டியே திறந்தால் சத்தம் கூர்மையாக, பலமாக வரும். அதே சைலன்சர், அதே என்ஜின், சத்தம் வேறு!

'லப்... லப்லப்... லப்'

இதை விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. புகை வெளியேறி முடிகிற நேரமும் புது காற்று உள்ளே வரத் தொடங்குகிற நேரமும் கொஞ்சம் ஒட்டியே வரும். அந்த கண நேரம் 2 வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும். இதற்கு 'ஓவர்லேப்' என்று பெயர். வீட்டு காரில் இது ரொம்ப குறைவு. ரேஸ் கேமில் அதிகம்.

6,000 ஆர்.பி.எம்.மில் பறக்கும்போது இந்த ஓவர்லேப் கைகொடுக்கும். வேகமாக வெளியே ஓடும் புகை, பின்னால் வரும் புது காற்றையும் சேர்த்து இழுக்கும். சிலிண்டர் நன்றாக நிரம்பும், பவர் கூடும்.

சிக்னலில் நிற்கும்போது கதை தலைகீழ். புகைக்கு வேகம் இல்லை. வெளியே போகவேண்டிய புகை இன்லெட் பக்கமாக திரும்பி வந்து புது காற்றோடு கலந்துவிடும். அதனால் ஒரு சிலிண்டர் நன்றாக எரியும், அடுத்தது அரைகுறையாக எரியும். சீராக கேட்கவேண்டிய சத்தம் 'லப்... லப்லப்... லப்' என்று நொண்டி அடிக்கும். அமெரிக்காவில் இதை 'லோப்' என்பார்கள். கார் பைத்தியங்களுக்கு இதுதான் சங்கீதம். உண்மையில் அது என்ஜின் மூச்சு திணறும் சத்தம்!

அமெரிக்க வி-8 என்ஜின்களில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கேமின் மேடு டாப்பெட்டை 50 'தவ்', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 50 பங்கு, தூக்கிய பிறகு எத்தனை டிகிரி அதற்கு மேலேயே வைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கம்பெனி கேம் என்றால் சுமார் 200 டிகிரி, லேசான நொண்டல்கூட இருக்காது. 230-ஐ தொட்டால் பக்கத்து கார்க்காரர் திரும்பிப் பார்ப்பார். 240-க்கு மேல் போனால் ரேசுக்குத்தான் லாயக்கு. இன்லெட் மேட்டுக்கும் எக்சாஸ்ட் மேட்டுக்கும் நடுவே உள்ள கோணமும் முக்கியம். 114 டிகிரிக்கு மேல் இருந்தால் சாது. 108 பக்கம் நெருங்கினால் நொண்டல் கூடும்.

புகழ்பெற்ற '30-30'

இதற்கு பேர்போன வண்டி 1967-ல் வந்த செவர்லே கமாரோ இசட்-28. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் ரேசில் என்ஜின் 5 லிட்டரை தாண்டக்கூடாது என்று விதி. அதற்காக 4.9 லிட்டர் வி-8 என்ஜினை வைத்தார்கள். அதில் போட்ட கேமுக்கு பெயர் 'டன்டோவ் 30-30'. கார்வெட் காரை வளர்த்தெடுத்த என்ஜினீயர் சோரா ஆர்கஸ்-டன்டோவ் பெயர் அது. 30-30 என்றால்? 2 வால்வுகளுக்கும் டாப்பெட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு, கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். அதனால் மேலே டாப்பெட் 'கடகட', பின்னால் எக்சாஸ்ட் 'லப்லப்'. கீழ் ஆர்.பி.எம்.மில் மந்தம், மேலே போனால் புயல்.

அன்றைக்கு பவருக்காக கேம் போட்டார்கள், சத்தம் இலவசமாக வந்தது. பிற்பாடு சத்தத்துக்காகவே கேம் வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காம்ப் கேம்ஸ் என்ற அமெரிக்க கம்பெனியின் 'தம்பர்' ரக கேம்கள் அப்படிப்பட்டவை. எக்சாஸ்ட் வால்வை சீக்கிரம் திறப்பது, கோணத்தை 107 டிகிரிக்கு நெருக்குவது என்று நொண்டலுக்காகவே கணக்கு போட்டவை. இன்னும் சிலர் கேமை தொடாமல் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி நொண்டலை வரவழைக்கிறார்கள். 'கோஸ்ட் கேம்' என்கிறார்கள். பேய் கேம்!

ஹோண்டாக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1989-ல் இன்டெக்ரா காரில் 'விடெக்' வந்தது. ஒரே தண்டில் சாதுவான மேடும் உண்டு, முரட்டு மேடும் உண்டு. 5,000 ஆர்.பி.எம்.மை தாண்டிய பிறகு ஆயில் பிரஷரில் ஒரு பின் நகர்ந்து முரட்டு மேட்டுக்கு வேலையை மாற்றிவிடும். அந்த நொடியில் சத்தம் சட்டென்று கட்டை குரலில் இருந்து அலறலாக மாறும். ஓட்டினவர்களுக்கு மறக்காது.

ஒன்றை சொல்லியாக வேண்டும். 4 சிலிண்டர் மாருதிக்கு எந்த கேமை போட்டாலும் மஸ்டாங் சத்தம் வராது. அமெரிக்க வி-8-ன் 'குடுகுடு' உறுமல் கிராங்க் அமைப்பால் வருவது. ஒரு பக்கத்து 4 சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிக்காததால் அந்த தாளம். ஃபெராரி வி-8-ல் கிராங்க் வேறு மாதிரி, அதனால்தான் அது உறுமாமல் அலறுகிறது. இது தெரியாமல் பட்டறையில் பணத்தை கொட்டுவது வீண்.

பிரேக் பிடிக்காது, உஷார்!

சத்த ஆசையில் பெரிய கேமை போட்டால் என்ன ஆகும்? முதல் அடி பிரேக்குக்கு. பெட்ரோல் காரில் பிரேக் பூஸ்டருக்கு என்ஜின் உறிஞ்சும் வேக்கம் வேண்டும். ஓவர்லேப் கூடினால் வேக்கம் குறையும். பெடல் கல் மாதிரி ஆகிவிடும், அவசரத்துக்கு வண்டி நிற்காது. மேடு உயரமானால் வால்வு கீழே அதிகம் இறங்கும், பிஸ்டனில் இடித்தால் என்ஜின் காலி. பழைய ஸ்பிரிங் தாங்காது, புதுசு வேண்டும். கம்ப்யூட்டரையும் மாற்றி செட் பண்ண வேண்டும். மைலேஜ் படுத்துவிடும். பாதி எரிந்த பெட்ரோல் வெளியே போவதால் புகை சர்டிபிகேட் கிடைப்பது கஷ்டம்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி, சத்தம், புகை விதிகளை மீறினால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் போகும்.

கேமை தொடாத சாதாரண கார் திடீரென்று சிக்னலில் 'லப்லப்' என்று நொண்டினால், "ரேஸ் கார் மாதிரி இருக்கே" என்று குஷியாகிவிட வேண்டாம். பிளக் போயிருக்கலாம், காயில் போயிருக்கலாம், டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். பெல்ட் தாண்டியிருந்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.