பழைய கார்: கண்காட்சிக்கு ஓட்டலாம், காலை டிபனுக்கு ஓட்டலாமா?

பழைய கார் கண்காட்சி ஒன்றுக்குப் பெயர் கொடுக்க இந்த ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. அது பற்றி வரும் கடிதங்களில் குழப்பமெல்லாம் ஒரே சொல்லில் இருக்கிறது: விண்டேஜ். 1974-இல் பதிவான ஃபியட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்டேஜ் என்கிறார்கள். சங்கத்தின் படிவத்தில் அதையே விண்டேஜ் பிரிவில் எழுதினால் திருப்பி அனுப்புகிறார்கள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். சங்கங்கள் கார் தயாரான காலத்தைப் பார்க்கின்றன. ஃபிவா என்ற உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பின் பிரிவுப்படி 1919 முதல் 1930 வரை வந்தவையே விண்டேஜ். அரசு பார்ப்பது வயதை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், விண்டேஜ் ஆகிவிடும். எனவே 1974 ஃபியட்டுக்காரர்கள் கண்காட்சிப் படிவத்தில் கிளாசிக் என்று எழுதி அனுப்பிவிடலாம்.

அவசரப்படக் கூடாத விஷயம் வேறொன்று இருக்கிறது. கண்காட்சியை முன்னிட்டு, கையோடு அரசின் விண்டேஜ் பதிவையும் வாங்கிவிடப் பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் விதியின் ஒரு பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

எதற்கெல்லாம் ஓட்டலாம்?

விண்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடத் தேவைக்கோ தொழிலுக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ரேலி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு. அனுமதி இவ்வளவுக்குத்தான்.

பாரம்பரிய வாகனங்களைக் காத்து ஊக்குவிப்பதே நோக்கம் என்று அமைச்சகம் அப்போது சொன்னது. நிறுத்தி வைத்தால் பழைய கார் காக்கப்படாது. ஆறு மாதம் போர்டிகோவில் நின்ற ஃபியட்டைத் திறந்து பாருங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படிந்திருக்கும். பிரேக்கின் வீல் சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கும். தரையில் அழுந்திய இடத்தில் டயர் தட்டையாகி, கிளம்பியதும் ஸ்டீயரிங் வரை அதிரும். இந்த வண்டிகளுக்கு ஓட்டம்தான் வைத்தியம்.

அந்த ஓட்டத்துக்காகவே சங்கத்துக்காரர்கள் ஞாயிறு விடிந்ததும் கிளம்புகிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் இட்லியும் காபியும் ஆகும். பிறகு பானட்டுகள் திறக்கும். எண்ணெய் சொட்டும் இடத்தில் அட்டைத் துண்டைப் போட்டிருப்பார்கள். வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டு, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்வார். கடைகளில் தேடிக் கிடைக்காத பாயிண்ட் செட் ஒருவர் டிக்கியிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். அப்பாவோடு வந்த பையன் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதும் அங்கேதான். கண்காட்சி மேடையில் பரிசு வாங்கும் கார் உயிரோடிருப்பது இப்படிப்பட்ட காலைகளால்.

இந்தக் கூடலை விதியின் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இது கண்காட்சியா, ரேலியா, பராமரிப்பா என்பதை வழியில் நிறுத்தும் காவலர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அவரிடம் காட்ட ஒரு தாள் வேண்டும். சங்கத்தின் அழைப்பிதழ்தான் அந்தத் தாள். பெருநகரத்து உறுப்பினருக்கு அது சுலபமாகக் கிடைக்கும். சென்னையில் தயாரான தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தானே பழுது பார்த்து வைத்திருக்கும் சிற்றூர்க்காரர் யாரிடம் போய் வாங்குவார்? வண்டி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, யாருக்கு யாரைத் தெரியும் என்பது சாலை உரிமையைத் தீர்மானித்துவிடும். இந்த விதியில் என்னை உறுத்துவது இதுதான்.

வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்குச் சாலை வரி இல்லை. ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. தொழிலுக்குப் பயன்படுத்தாத வரை கண்காட்சிக்கும் ஓட்டலாம், காய்கறி வாங்கவும் ஓட்டலாம். வண்டியை ஓடும் தகுதியோடு வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. நம் பட்டியலில் சங்கக் கூட்டத்தையும் வார இறுதிச் சொந்த ஓட்டத்தையும் சேர்த்தாலே பாதிக் குறை தீரும். அமைச்சகம் அதைச் செய்ய வேண்டும்.

மற்ற கேள்விகள்

கட்டணம் எவ்வளவு? புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

பழைய நம்பர் போய்விடுமா? போகாது, மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ வருவது புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும்.

விற்கலாமா? விற்கலாம், 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்கு இருதரப்பும் தெரிவிக்க வேண்டும்.

டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசடர்? விண்டேஜ் பதிவை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

15 ஆண்டு தாண்டினால் உடைத்துவிடுவார்களா? அந்தக் கட்டாயம் அரசு வாகனங்களுக்கு. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் ஆர்.சி.யைத் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம்.

கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி. இல்லாமலே கிடக்கும் காருக்கு விண்டேஜ் பதிவு ஒரு நல்ல வழி. உங்கள் சாதாரண ஆர்.சி. இன்னும் செல்லுபடியானால், அதை வைத்தே கண்காட்சிக்குப் பெயர் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை வெளியே எடுங்கள்.