கெண்டியின் அடியில் ஒரு பெயர்

பொழுது விடிந்தால் நமக்குத் தேத்தண்ணீர் வேண்டும். மங்கோ, போத்தலோ, எதில் ஊற்றினால் என்ன, சூடாக இருந்தால் சரி என்போம். ஆனால், தேத்தண்ணீர் ஊற்றும் கெண்டியைச் செய்தே பேர் வாங்கிய ஊர் ஒன்று சீனாவில் இருக்கிறது. கிள்ளான் பக்கம் சீனர் கடைகளில் கைக்குள் அடங்கும் சிறிய மண் கெண்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கெண்டிக்குத் தாய்வீடு யீசிங்.

ஜியாங்சு மாநிலத்தில், தாய் ஏரியின் மேற்குப் பக்கம் உள்ளது யீசிங். அங்குள்ள மண்ணுக்கு ‘ஜிஷா’ என்று பெயர். ஊதா மணல் என்று பொருள். வெட்டும்போது கல்லாகத்தான் வரும். வெயில் மழையில் போட்டு உதிரவிட்டு, இடித்துச் சலித்து, நீர் சேர்த்துப் பதமாக்க வேண்டும். நம் குயவரைப் போலச் சக்கரத்தில் வனைவதில்லை. மரச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டி, உள்ளே ஒரு கை கொடுத்து வெளியே மட்டையால் தட்டித் தட்டியே வயிற்றை உருட்டுகிறார்கள். மூக்கு, பிடி, மூடி எல்லாம் தனித்தனி வேலை. சூளைச் சூடு 1,100 பாகைக்கு மேல். மெருகு பூசாததால் மண் தேயிலை வாசத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் கெண்டிக்குச் சவர்க்காரம் ஆகாது; வெந்நீர் போதும்.

இந்தத் தொழிலை யார் தொடங்கினார் தெரியுமா? சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், படிக்க வந்த எசமானுக்கு ஏவல் செய்ய ஒரு கோயிலில் தங்கியிருந்த வேலைக்காரப் பையன் குங் சுன் என்கிறார்கள். அங்கிருந்த துறவி மண் பிசைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். எசமானை இன்று யார் நினைக்கிறார்கள்? வேலைக்காரன் பெயர் நிற்கிறது. அவனுக்குப் பின் வந்த ஷி தாபின், மூங்கில் கத்தியால் தன் பெயரைக் கெண்டியில் கீறினார். பிறகு முத்திரை குத்துவது வழக்கமாயிற்று.

அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? கு ஜிங்சோ (1915–1996) என்ற கைவினைஞர் செய்த ஒரு கெண்டி 2010-இல் பெய்ஜிங் ஏலத்தில் 1 கோடியே 23 இலட்சம் யுவானுக்குப் போனது. பார்க்க அவர் உயிரோடு இல்லை. அதே ஆண்டில்தான், சாதா மண்ணில் சாயம் கலந்து ஜிஷா என்று விற்பதைச் சீன அரசுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. பேர் தெரியாத கைகள் செய்த கெண்டியில் பேர்போன ஆளின் முத்திரை குத்தி விற்பதும் அங்கே உண்டு. உழைத்தவன் ஒருவன், பேர் வாங்குபவன் இன்னொருவன்! இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

பால்மரத்தில் கத்தி வைப்பதும் கைவினைதான். பட்டை சீவ வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது. அந்த நிதானம் ஒரே நாளில் வந்துவிடுமா? ஆனால் மரத்தடி மங்கில் வெட்டியவர் பெயர் இல்லை. செக்ரோலில் மட்டும் இருந்தது. அந்த ஏடும் எங்கே போயிற்றோ!

எனவே ஒன்று செய்வோம். தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில் வெட்டினார், பாட்டி எத்தனை வருசம் பால் சுமந்தார் என்று கேட்டு, பிள்ளைகள் நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். நம் முத்திரையை நாம்தான் குத்த வேண்டும்.