மருந்தும் மலைநாட்டாரும்

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்தனர். யாம் வகுப்பிற் பயின்றபோது இதனை இலக்கிய நயமென்றே கருதினோம். இன்றைய மருந்தாராய்ச்சிக்கும் அதுவே அடிப்படை என்பது பின்னரே விளங்கிற்று.

புதிய மருந்தொன்று முதற்கண், தேர்ந்தெடுத்த சிலருக்கு, வல்லுநர் மேற்பார்வையிற் கொடுத்துச் சோதிக்கப்படுகின்றது. ஆயின், பின்னர்க் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் அதனை உண்போருள் முதியோரும், கருவுற்றோரும், வேறு நோயுடையோரும், வேளை தவறுவோரும் உளர். பல்லாயிரவருள் ஒருவர்க்கே நேரும் தீங்கு, சில நூற்றுவரிடைத் தோன்றாது போகலாம். ஆகவே, அன்றாட மருத்துவத்தில் அம்மருந்து தீங்கின்றி நிற்குமா, செலவுக்குத் தக்க பயன் தருமா என்னும் இரு வினாக்களும் மீண்டும் எழுப்பப்படல் வேண்டும்.

இதற்குச் சென்னையிலேயே சிறந்த சான்றுண்டு. 1956-ஆம் ஆண்டு ஆங்கே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அந்நாளில் நோயாளரைச் சானடோரியத்திற் சேர்த்து ஓய்வும் ஊட்டமும் அளித்தலே சிறந்ததெனப்பட்டது. படுக்கைகளோ மிகச் சில. நிலையத்தார் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றோரைத் தம் எளிய இல்லங்களிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். நோய் அடங்கினோர் முன்னவருள் நூற்றுக்கு 92, பின்னவருள் 86. வீட்டாருக்குத் தொற்று மிகுமோ என்பதையும் ஆராய்ந்தனர், மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, இல்லத்திருந்தே மருந்துண்ணும் முறை உலகெங்கும் பரவுதற்கு வழிகோலிற்று.

1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் இவ்விரு வினாக்களையும் ஒருங்கே நோக்குவதாம். அது மருந்துகளை வணிகப் பெயரான் அன்றி மூலப்பெயரான் மொத்தமாக வாங்குதலின் விலை குறைகின்றது. மாதிரியெடுத்துச் சோதித்த பின்னரே மருத்துவமனைகட்கு விடுத்தலின் அச்சமும் குறைகின்றது.

எனினும், மாத்திரை விலையின்றிக் கிடைத்தாலும் செலவு தீர்ந்ததன்று. வெள்ளிமலையினின்று கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் ஏழைத் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட் கூலியும் மருந்தின் விலையே. காசநோய் மருந்துகள் சிலர்க்கு ஈரலைத் தாக்கும். கண் மஞ்சளித்ததைக் கேட்டறிவார் இலரெனின், அத்தீங்கு எந்த ஏட்டிலும் ஏறாது. அவள் மருந்தையே கைவிடவுங்கூடும். மாத்திரையைக் கொடுப்பதோடு நில்லாது, உண்டபின் யாது நேர்ந்தது என்று வினவி எழுதிவைப்பவரே ஆராய்ச்சியின் முதற்படியில் நிற்பவர். மருத்துவம் பயிலச் செல்லும் நம் கல்லூரி நண்பர்கள் இதனை மறவாதிருப்பாராக.