கவரிங் ஏன் கறுக்கிறது?

வேலூரை அடுத்த ஸ்ரீபுரம் பொற்கோயிலில் (2007) செப்புத் தகடுகளின் மேல் பல அடுக்கு தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். கவரிங் வளையலிலும் பெரும்பாலும் செம்பின் மேல்தான் தங்கம். ஆனால் மின்சாரத்தால் படியவைக்கும் அந்த முலாம் பல நகைகளில் 1 மைக்ரான்கூட இராது; அதிலும் நுண்துளைகள். வியர்வை உப்பு அவற்றின் வழியே இறங்கிச் செம்பை அரிக்கிறது. பாவம், பழி தங்கத்துக்கு!

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள தோல் ஆலைகளில் தோலின் மயிரை நீக்கப் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். மனிதருக்கே நஞ்சான அந்த வாயு செம்பையும் கறுக்கவைக்கும். தோல் ஆலைக்குப் போகிறவர்கள் கவரிங்கை வீட்டிலேயே கழற்றிவைப்பது நல்லது.

கவரிங்கைத் துலக்கப் புளியும் பல்பொடியும் வேண்டவே வேண்டாம்: ஒன்று செம்பை அரிக்கும், மற்றது முலாமைத் தேய்க்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் வையுங்கள்.