மண்ணுள் மறைந்த பகை

எங்கள் கோவில்பட்டிக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். அதனுள் விழுந்த ஆணியைத் தேடி எடுப்பதே அரிது. அவ்வாறாயின், போர்க்களத்தில் கண்ணிவெடியைத் தேடும் வீரனின் நிலை என்ன?

1941 பிப்ரவரியில், அபிசீனியாவில், இந்தியப் பொறியாளர் படையின் இளம் அதிகாரி பிரேமீந்திர சிங் பகத், படைக்கு முன்னே சென்று, நான்கு நாட்களில் 55 மைல் வழியில் 15 கண்ணிவெடிப் பரப்புகளைக் கண்டறிந்து அகற்றுவித்தார். அவருடைய வண்டி இருமுறை வெடியில் சிக்கியது, உடனிருந்தோர் பாதிக்கப்பட்டனர். அவருக்கு ஒரு செவிப்பறை கிழிந்தது. எனினும் ஓய்வுபெற மறுத்தார். விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பெற்றது.

1942-இல் எல் அலமெயின் போரில், போலந்துப் பொறியாளர் யூசெப் கொசாட்ஸ்கி வகுத்த கருவி வீரர்க்குத் துணையாயிற்று. இவ்வகைக் கருவியின் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும். அதன் காந்தப்புலம் மண்ணுள் மறைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அதனால் விளையும் மாறுதல் செவியில் ஒலியாகக் கேட்கும்.

பின்னர் உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடிகள் வந்தன. அவற்றைத் தேடக் கருவியைக் கூர்மையாக்கினால், துருப்பிடித்த ஆணியும் ஒலி எழுப்பும். நிலத்தை ஊடுருவும் ராடாரும் உண்டு. ஆயினும் நம் கரிசலைப் போன்ற ஈரக் களிமண் அதன் அலைகளை விழுங்கிவிடும். ஆகவே ஒலி கேட்ட இடந்தோறும், மேலிருந்து அழுத்தாது, கூர்ங்கம்பியைச் சாய்வாகச் செலுத்தித் தடவிப் பார்க்கின்றனர்.

சோதனைச் சாலையில், “இன்னொரு முறை அளந்து பார்” என்பேன், மாணவர் சலித்துக்கொள்வர். நூறு ஆணிகளுக்குப் பின்னும் சலியாது குனிபவனே தன் தோழரைக் காக்கிறான்.