செத்த மீனும் ஒரு சின்னக் கணக்கும்

"மீன் செத்தா எடுத்து வெளியே போட வேண்டியதுதானே, இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. கண்ணாடி ஜாடியில் வளரும் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது சரி. ஆனால் ஆயிரம் லிட்டர் உப்புத் தண்ணீர், குவியலாய்ப் பாறை, அதன்மேல் உயிருள்ள பவளம் என்று ஒரு குட்டிக் கடலையே வீட்டுக்குள் வைத்திருப்பவருக்குச் செத்த மீன் பெரிய தலைவலி.

செமஸ்டர் லீவில் சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் அப்படி ஒரு தொட்டி. (நம்ம ஊரில் பவளத்தை எடுத்து வந்து முயற்சி பண்ணிடாதீங்க. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்ந்து முதல் அட்டவணையில் இருக்கின்றன!) ஒரு நாள் காலையில் ஆறு பச்சைக் குரோமிஸ் மீன்களில் ஒன்றைக் காணோம். தொட்டியைத் தாண்டிக் குதித்ததா என்று தரையில் பார்த்தோம். தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டி, கீழே உள்ள சம்ப், எங்கும் இல்லை. "பாறைக்குள்ளதான் செத்துக் கிடக்கு. எல்லாத்தையும் பிரிச்சுடலாம்டா" என்று சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவர் பயம் அம்மோனியா. உடல் அழுகும்போது புரதத்தில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகக் கரைகிறது. தண்ணீரில் அதற்கு இரண்டு வடிவம். அம்மோனியம் அயனி அவ்வளவு கெடுதல் இல்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளைப் பதம் பார்க்கும். பி.எச். 7-லிருந்து 8.2-க்கு ஏறினால் இந்த விஷப் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும். கடல் தொட்டியின் பி.எச். 8.2-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆக, அவர் பயந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் எவ்வளவு அம்மோனியா? பேப்பரும் பேனாவும் எடுத்தேன். குரோமிஸ் சுமார் 10 கிராம். மீன் உடம்பில் புரதம் ஏறக்குறைய 18 சதவீதம், அதாவது 1.8 கிராம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம் என்றால் 0.29 கிராம். 1000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.29 மில்லிகிராம். அதுவும் மொத்தமும் ஒரே நேரத்தில் கரைந்தால்! நிஜத்தில் அது பல நாளில் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். சிவில் நண்பர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் படிக்கிற அதே நைட்ரிஃபிகேஷன்தான். போதாததற்குத் துறவி நண்டு, நத்தை, புழுக்கள் வேறு பிணத்தைத் தின்று தீர்க்கும்.

இதே மீன் 100 லிட்டர் தொட்டியில் செத்திருந்தால் கணக்கு 2.9. இல்லை, இதே ஆயிரம் லிட்டரில் 200 கிராம் சர்ஜன் மீன் செத்திருந்தால் 5.8. அப்போது சட்டைக் கையை மடிக்கத்தான் வேண்டும், எப்படியாவது உடலைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். பத்து கிராமுக்காகப் பாறையைப் பிரித்தால் பவளம் உடையும், அடியில் தேங்கிய கசடு கிளம்பும். ஆழமான மணலாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரலாம். நம் கெமிஸ்ட்ரி லேபில் மூக்கைப் பொத்த வைக்குமே, அதே அழுகிய முட்டை வாயு. மீனுக்கு அது நாற்றம் மட்டுமல்ல, விஷம்.

உடல் கைக்கு எட்டினால் வலையால் எடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமி சின்னக் கீறல் வழியாகப் புகுந்து ஆறாத புண்ணைத் தரும். சிங்கமீனின் முள் அது செத்த பிறகும் விஷம் ஏற்றும்.

எடுத்த உடலை உடனே குப்பையில் போட்டுவிடாமல் உற்றுப் பாருங்கள். ஏன் செத்தது என்பதுதான் முக்கியம். உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கான தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றினால் நண்டு, நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். மிச்ச மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விடுவார்கள். மீன் இல்லாவிட்டால் அந்த ஒட்டுண்ணிக்குப் பிழைப்பு இல்லை. ஒரே ராத்திரியில் பல மீன்கள் செத்தால் முதலில் பம்பைப் பாருங்கள், கரண்ட் போய் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம்.

கடைசியில் சித்தப்பா பாறையில் கை வைக்கவில்லை. ஸ்கிம்மர் ஓடுகிறதா என்று பார்த்தார், புதுக் கரி போட்டார், காலை மாலை இரண்டு வேளையும் அம்மோனியா சோதித்தார். ஏறினால் கால் பங்கு தண்ணீரை மாற்றலாம் என்று அதே உப்பு, அதே சூட்டில் தயாராகவும் வைத்திருந்தார். ஏறவே இல்லை. நாலாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒரு துறவி நண்டு பாறை இடுக்கிலிருந்து மீன் முள் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது.